வெங்காயம், மன்னா, ஒரு வார்த்தை பேசாத அப்பா

(எபிசோடில் பேசியது இது. படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோட்ல சம்பளம், சேமிப்புன்னு பேசினோம். இன்னைக்குக் கொஞ்சம் வேற ரூட்.

போன மாசம் ஒரு மெயில் வந்துச்சு. எழுதினவங்க ஒரு அம்மா. ரெண்டு வயசுக் குழந்தை, நம்மள மாதிரியே ஐ.டி. வேலை. அவங்க சொன்னதைச் சுருக்கிச் சொல்றேன். காலைல கண் முழிச்சதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் எதையாவது குறை சொல்லிக்கிட்டேதான் இருக்காங்களாம். டிராஃபிக், மேனேஜர், மாமியார், டேகேர் பில், மேல் வீட்டு நாய். சர்ச்ல "இருக்குறதுக்கு நன்றி சொல்லுங்க"ங்கறாங்க. சொல்லிப் பார்த்தா எரிச்சல்தான் ஜாஸ்தியாகுது, ஏதோ நடிக்கிற மாதிரி இருக்கு, நீங்க வீட்ல எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு கேட்டிருந்தாங்க.

நான் ஃபாதரும் இல்ல, கவுன்சலரும் இல்ல. பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமத்துல பொறந்து, அந்தப் பக்கமே ஒரு காலேஜ்ல இன்ஜினியரிங் முடிச்சுட்டு, இப்போ ஓ.எம்.ஆர்.ல கோடு எழுதிக்கிட்டு இருக்கேன். மூணு வயசுப் பையனுக்கு அப்பா. நான் ஆர்.சி., என் மனைவி பாளையங்கோட்டைக்காரங்க, சி.எஸ்.ஐ. அதனால வீட்ல ரெண்டு தமிழ் பைபிள் இருக்கு. நான் 'எண்ணிக்கை'ன்னு சொல்ற புத்தகத்தை அவங்க 'எண்ணாகமம்'னு சொல்வாங்க. அந்தப் புத்தகத்தோட 11ஆம் அதிகாரத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். நீங்க கிறிஸ்தவரா இல்லாட்டியும் பரவாயில்ல, கதையா கேளுங்க.

சீன் என்னன்னா, எகிப்துல அடிமையா இருந்த ஜனங்க வெளிய வந்துட்டாங்க. பாலைவனம். சாப்பாட்டுக்கு தினமும் மன்னா கிடைக்குது. பார்க்க கொத்தமல்லி விதை மாதிரி இருக்குமாம். அதைப் பொறுக்கி, திரிகையில அரைச்சு, வேக வச்சு, அப்பம் சுட்டுச் சாப்பிடறாங்க. பட்டினி இல்ல. ஆனா ஒரு கட்டத்துல எல்லாருக்கும் எகிப்து சாப்பாடு ஞாபகம் வந்துடுது. மீன் ஞாபகம் வருது, வெள்ளரிக்காய் ஞாபகம் வருது. அந்த லிஸ்ட்ல அடுத்தடுத்து வர்றது வெங்காயமும் பூண்டும்.

பெரம்பலூர்க்காரனுக்கு இந்த இடத்துல சிரிப்பு வராம இருக்காது. தமிழ்நாட்டுல சின்ன வெங்காயம் அதிகமா விளையுற மாவட்டங்கள்ல எங்க மாவட்டம் முன்னாடி நிக்கும். செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் போனா காட்டுக்குக் காடு வெங்காயம்தான். அறுவடை ஆனதும் விலை இல்லைன்னா காட்டுலயே பட்டறை போட்டுச் சேர்த்து வைப்பாங்க. அந்த வெங்காயத்துக்காக ஒரு ஜனமே உட்கார்ந்து அழுதிருக்குன்னா எனக்குப் புரியும். வெறும் பழைய சோத்துக்கு ரெண்டு சின்ன வெங்காயம் இல்லைன்னா அது என்ன சாப்பாடு?

ஆனா கவனிங்க, அவங்களுக்கு வெங்காயம் ஞாபகம் இருக்கு, முதுகுல விழுந்த அடி ஞாபகம் இல்ல. செங்கல் அறுத்தது ஞாபகம் இல்ல. இலவசமாச் சாப்பிட்டோம்னு வேற சொல்றாங்க. அடிமைக்கு எது இலவசம்? குறை சொல்ற மனசு பழசை இப்படித்தான் எடிட் பண்ணும். நாமளும் பண்றோம். காலேஜ் நாள் மாதிரி வராதுங்கிறோம். அந்தக் காலேஜ் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி அன்னைக்கு என்ன பேசினோம்னு யோசிங்க.

இதுவரைக்கும் சர்ச்ல சொல்ற விஷயம்தான். நன்றி கெட்ட ஜனம், கடவுள் கோபப்பட்டார், நீங்க அப்படி இருக்காதீங்க. பல பிரசங்கம் இந்த இடத்தோட முடிஞ்சிடும். அதே அதிகாரத்துல அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போயிடுவாங்க. எனக்கு அப்பா ஆனதுக்கு அப்புறம்தான் அந்த வரிகள் கண்ணுல பட்டுச்சு.

ஜனங்க அழறதைக் கேட்டு மோசே கடவுள்கிட்டப் போறார். போய் அவரும் குறைதான் சொல்றார். அதுவும் சாதாரணக் குறை இல்ல. இந்த ஜனத்தையெல்லாம் நானா சுமந்து பெத்தேன், பால்குடிக்கிற குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போற மாதிரி இவங்களை நான் தூக்கிக்கிட்டுப் போகணுமா, என்னால ஒத்தையில முடியாது, இப்படியே விடுறதா இருந்தா என் உயிரை எடுத்துடுங்க... இந்த அர்த்தத்துல பேசறார். ராத்திரி ரெண்டு மணிக்கு, மூணாவது தடவை எழுந்து அழற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஹால்ல நடக்குற யாராவது இதைப் படிச்சா, மோசே நம்ம ஆளுதான்னு தோணும்.

கடவுள் அவர்கிட்டக் கோபப்படல. "உனக்கு என்ன குறை, நன்றி சொல்லு"ன்னு சொல்லல. பெரியவங்க 70 பேரைக் கூட்டிட்டு வா, உன் பாரத்துல கொஞ்சத்தை அவங்க சுமப்பாங்கன்னு சொல்றார். ஒரே அதிகாரம், ஒரே பாலைவனம், ரெண்டு பக்கமும் குறைதான். ஒரு பக்கத்துக்குத் தண்டனை, இன்னொரு பக்கத்துக்கு 70 பேர் உதவி.

என்ன வித்தியாசம்? மோசே கஷ்டம் பெரிசு, அவங்க கஷ்டம் சின்னதுன்னு சொல்லலாம். எனக்கு அது மட்டும் போதுமான பதிலாத் தெரியல. அந்த ஜனங்க எங்க நின்னு அழுதாங்கன்னு பைபிள் சொல்லுது. அவங்கவங்க கூடார வாசல்ல, குடும்பம் குடும்பமா. உபாகமத்துலயும் இதே பயணத்தைப் பத்திச் சொல்லும்போது கூடாரத்துக்குள்ள முறுமுறுத்தீங்கன்னு ஒரு இடம் வருது. 'முறுமுறுத்தல்'. அருமையான வார்த்தை. அதைச் சொல்லும்போதே வாய் பாதி மூடித்தான் இருக்கும். யாருக்குக் கேட்கணுமோ அவங்களுக்குக் கேட்காது, பக்கத்துல இருக்கிறவனுக்கு மட்டும் கேட்கும். மோசே முறுமுறுக்கல. யாரால சரி பண்ண முடியுமோ அவர் முன்னாடி நின்னு, என்ன பிரச்சினை, ஏன் முடியலன்னு வாய் திறந்து சொன்னார்.

எங்க ஊர் பாஷையில சொன்னா ஒண்ணு முறுமுறுப்பு, இன்னொண்ணு மனு.

திங்கட்கிழமை ஆனா பெரம்பலூர், அரியலூர் ரெண்டு கலெக்டர் ஆபீஸ்லயும் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். தமிழ்நாடு முழுக்க நடக்குறதுதான். பட்டா, பென்ஷன், ரோடு, குடிநீர், எல்லாத்துக்கும் மனுவோட ஜனம் வந்து நிக்கும். எங்க அப்பா வெங்காயம் போடுற விவசாயி. ஒரு வருஷம் திருகல் நோய் வந்து பயிர் அடிவாங்கினப்ப அவரும் இன்னும் நாலஞ்சு பேரும் சேர்ந்து மனு எழுதி எடுத்துக்கிட்டுப் போனாங்க. எத்தனை ஏக்கர், என்ன சேதம், எல்லாம் எழுதி, ரசீது வாங்கிட்டு வந்தார். அந்த ரசீது அலமாரில பைபிளுக்கு அடியில இருந்துச்சு. என்ன ஆச்சுன்னு அப்பப்போ போய் விசாரிப்பார். ஆனா அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அதைப் பத்தி ஒரு பேச்சு இல்ல. அவர் பாட்டுக்கு ரசம் நல்லாருக்குன்னார். எனக்கு அப்போ பதினாலு வயசு, அவருக்குக் கவலையே இல்லையோன்னு நினைச்சேன். கவலை இருந்துச்சு. அதைச் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிட்டு வந்துட்டார், அவ்வளவுதான்.

நம்ம வேலையிலயும் இதேதான், நீட்டி முழக்க மாட்டேன். ஜிரால ஒரு டிக்கெட் போட்டா என்ன உடைஞ்சிருக்கு, எப்போ உடையுது, யாருக்கு அசைன்னு எழுதணும். அதே பக் பத்தி டீ பிரேக்ல ஒரு மணி நேரம் புலம்பினா ஒரு வரி கோடும் மாறாது. டீ மட்டும் ஆறிப்போகும்.

சரி, இதுல பேரண்டிங் எங்க வருது? கூடாரத்துக்குள்ளதான் வருது. அந்த ஜனம் குடும்பம் குடும்பமா அழுதுச்சுன்னு சொன்னேன்ல? குடும்பம்னா குழந்தைங்களும் உள்ளதான இருந்திருக்கும். எகிப்தையே சரியாப் பார்த்திருக்காத குழந்தைங்க. மன்னாவைத் தவிர வேற சாப்பாடு தெரியாத குழந்தைங்க. அதுங்களுக்கு மன்னா நல்லாத்தான் இருந்திருக்கும். அப்பாவும் அம்மாவும் வாசல்ல உட்கார்ந்து "இதெல்லாம் ஒரு சாப்பாடா"ன்னு சொல்றதைக் கேட்டுத்தான், ஓ, இது நல்லா இல்ல போலன்னு கத்துக்கிட்டிருக்கும். இது பைபிள்ல இல்ல, என் கற்பனை. ஆனா ஒரு மூணு வயசுப் பிள்ளையை வீட்ல வச்சிருக்கிற யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க.

இப்போ எங்க வீட்டுக் கதை.

எங்க பையனுக்கு ரெண்டு வயசு ஆனப்போ எண்ணிப் பத்து வார்த்தைகூட வரல. "ம்மா", "தா", "காக்கா", அதுக்கு மேல கொஞ்சம். பொதுவா ரெண்டு வயசுல குழந்தைங்க ரெண்டு ரெண்டு வார்த்தையாச் சேர்த்துப் பேச ஆரம்பிச்சிருக்கும். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் அவங்க பொண்ணு முழுசா ரைம்ஸ் பாடுற வீடியோ போடுவாங்க. பார்த்ததும் வயித்துல ஒரு மாதிரி பிசையும். சொந்தக்காரங்ககிட்ட இருந்து ரெண்டு விதமாப் பேச்சு வந்துச்சு. ஒரு செட், "போனைக் காட்டிக் காட்டித்தான் இப்படி ஆயிடுச்சு, ரெண்டு பேரும் வேலைக்குப் போனா இப்படித்தான்". இன்னொரு செட், "கடவுள் குடுத்ததுல திருப்திப்படுங்க, தானா பேசுவான், அவங்க தாத்தா நாலு வயசுலதான் பேசினார்".

முதல் செட்டைக் கூட மன்னிச்சிடலாம். ரெண்டாவது செட்தான் ஆபத்து, ஏன்னா அது பக்தி மாதிரியே இருக்கும். திருப்திங்கிற பேர்ல ஒரு குழந்தையோட மாசங்களை வீணாக்கிடலாம். பேச்சு தாமதம்னா முதல்ல காது கேட்குதான்னு டெஸ்ட் பண்ணனும். அப்புறம் ஸ்பீச் தெரபிஸ்ட் பார்க்கணும். எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது. காசு இல்லைன்னு தள்ளிப் போடவும் வேண்டாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகள்ல இதுக்குன்னே டி.இ.ஐ.சி.ன்னு ஒரு பிரிவு இருக்கும், பிறந்த குழந்தையில இருந்து 18 வயசு வரைக்கும் பார்ப்பாங்க. உங்க மாவட்டத்துல விசாரிங்க. மெயில் எழுதின அம்மாவுக்கு இது தேவைப்படாம இருக்கலாம், கேட்கிற வேற யாருக்காவது தேவைப்படும்.

நாங்க போனோம். காது நல்லாக் கேட்குது. தெரபி ஆரம்பிச்சோம். வாரத்துக்கு ரெண்டு நாள், மீதி நாள் வீட்ல பயிற்சி. அது எங்க மனு. கொடுத்தாச்சு, ரசீதும் வாங்கியாச்சு. அதுக்கு அப்புறம் நானும் என் மனைவியும் ஒண்ணு பேசிக்கிட்டோம். அவன் காதுபட "இன்னும் பேசலையே"ன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. பேச்சு வராட்டியும் எல்லாம் புரியுது அவனுக்கு. வீட்டுக்கு வர்ற பெரியவங்க ஆரம்பிச்சா, என் மனைவி ரொம்ப மரியாதையா "அத்தை, காபியா டீயா"ன்னு கேட்டுப் பேச்சை மாத்திடுவாங்க. அந்த வருஷம் எங்க வீட்ல காபித்தூள் செலவு கொஞ்சம் கூடத்தான்.

இந்தச் சமயத்துல லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ ஏலாக்குறிச்சி போனோம். அரியலூர்னா நிறைய பேருக்கு சிமெண்ட் ஃபேக்டரி தெரியும், கங்கைகொண்ட சோழபுரம் தெரியும், 1956 நவம்பர்ல நடந்த ரயில் விபத்தும் அதுக்காக லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செஞ்சதும் தெரியும். ஏலாக்குறிச்சி தெரியாது. கொள்ளிடத்துக்கு வடக்குக் கரைப் பக்கம் சின்ன ஊர். அடைக்கல மாதா கோயில் இருக்கு. அங்கதான் வீரமாமுனிவர் பல வருஷம் இருந்தார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இத்தாலிக்காரர், 1680ல பொறந்தவர். தமிழ்நாட்டுக்கு வந்தது 1711 வாக்குல. அப்போ வயசு முப்பது. நம்ம ஆளுங்க ஆன்சைட் போற வயசு. வந்து இறங்கின அன்னைக்கு அவருக்கும் தமிழ்ல எண்ணிப் பத்து வார்த்தை இருந்திருந்தாலே பெரிசு.

பதினஞ்சு வருஷம் கழிச்சு, 1726ல, தேம்பாவணிங்கிற காப்பியத்தை முடிக்கிறார். 36 படலம், 3615 பாட்டு. ஹீரோ யார்னா சூசையப்பர். இயேசுவை வளர்த்த அப்பா.

ஸ்கூல்ல தமிழ்ப் பாடத்துல தேம்பாவணி படிச்சிருப்போம், ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணியிருப்போம். ஒரு விஷயம் எனக்கு அன்னைக்கு ஏலாக்குறிச்சில நின்னப்பதான் பொட்டுன்னு பட்டுச்சு. நாலு சுவிசேஷத்தையும் தேடிப் பார்த்தாலும் சூசையப்பர் பேசினதா ஒரு வார்த்தை கிடையாது. ஒண்ணுகூட. மரியாள் பேசுறாங்க, ஆடு மேய்க்கிறவங்க பேசுறாங்க, ஏரோது பேசுறான், இவர் பேசல. வாயே திறக்காத ஒரு அப்பாவைத் தேடிப் பிடிச்சு, 3615 பாட்டு எழுதியிருக்கார் மனுஷன்.

பேசாத பையனைத் தோள்ல வச்சுக்கிட்டு நின்ன எனக்கு அது வேற மாதிரி இருந்துச்சு.

சூசையப்பர் பேசாம இருந்தார்னதும், எல்லாத்தையும் சகிச்சுக்கிட்டு ஒரு மூலையில உட்கார்ந்திருந்தார்னு நினைச்சுடாதீங்க. மத்தேயு எழுதினதைப் பாருங்க. குழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சதும் ராத்திரியோட ராத்திரியா எழுந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு எகிப்துக்குப் போயிடறார். திரும்பி வரும்போது யூதேயாவுல ஏரோதோட மகன் ஆட்சின்னு கேள்விப்பட்டுப் பயந்து, ரூட்டை மாத்திக் கலிலேயாவுல போய்க் குடியேறுறார். குழந்தையைக் கோயில்ல காணிக்கை வைக்கப் போனப்போ ஆட்டுக்குட்டி வாங்க வசதி இல்லாதவங்க கொடுக்குற பறவைக் காணிக்கையைத்தான் கொடுத்தாங்கன்னு லூக்கா சொல்றார். ஆட்டுக்குட்டி இல்லையேன்னு சடங்கைத் தள்ளிப் போடல. இந்த அப்பா எந்த இடத்துலயும் சும்மா இல்ல. எழுந்தார், கிளம்பினார், செஞ்சார். அவரைப் பத்தின வரிகள்ல வினைச்சொல்தான் இருக்கு.

பெஸ்கி சூசையப்பருக்கு வச்ச தமிழ்ப் பேர் வளன். யோசேப்புங்கிற எபிரேயப் பேருக்கு 'கூட்டிக் கொடுப்பார்'ங்கிற மாதிரி அர்த்தம். பழைய ஏற்பாட்டுல ராகேல் ரொம்ப வருஷம் காத்திருந்து பெத்த பிள்ளைக்கு அந்தப் பேரை வைக்கிறாங்க, வைக்கும்போதே கடவுள் இன்னொரு பையனைத் தரணும்னு கேட்டுக்கறாங்க. கையில பிள்ளை இருக்கு, வாய் 'இன்னும் ஒண்ணு' கேட்குது. அந்தப் பேரைத் தமிழுக்குக் கொண்டு வர்றப்போ பெஸ்கி 'வளன்'னு ஆக்கினார். 'இன்னும் வேணும்'ங்கிறது 'வளம்' ஆயிடுச்சு. அவர் இதையெல்லாம் யோசிச்சு வச்சாரான்னா, அது என் வாசிப்புதான். ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு.

காப்பியத்தோட பேரையும் பாருங்க. தேம்பா அணின்னு பிரிச்சா வாடாத மாலை, தேன் பா அணின்னு பிரிச்சா தேன் மாதிரிப் பாட்டால ஆன மாலை. ஸ்கூல்ல ரெண்டும் எழுதினா ரெண்டு மார்க். தேம்புறதுன்னா வாடுறது மட்டும் இல்ல, குழந்தை விக்கி விக்கி அழறதையும் தேம்பி அழறதுன்னுதான சொல்றோம். எங்க பையன் அழுது முடிச்சதும் கடைசியா ரெண்டு தேம்பல் வரும். அதைக் கேட்டா எனக்கு இப்போல்லாம் இந்தப் புத்தகம்தான் ஞாபகம் வருது.

பெஸ்கி பத்தி இன்னொண்ணு, இன்ஜினியர்களுக்காக. அப்போ ஓலைச்சுவடியில எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வித்தியாசம் வெறும் ஒரு புள்ளி. புள்ளி வச்சா ஓலை கிழியும்னு எழுதுறவங்க அதை விட்டுடுவாங்க. படிக்கிறவன் திண்டாடணும். வெளியூர்ல இருந்து வந்து முப்பது வயசுல மொழி கத்துக்கிறவனுக்கு எவ்வளவு எரிச்சலா இருந்திருக்கும்? இத்தாலிக்குக் கடிதம் எழுதி, என்னய்யா எழுத்து இதுன்னு முறுமுறுத்துட்டு விட்டிருக்கலாம். அவர் ஏ-க்குக் கீழ ஒரு கோடு இழுத்தார், ஓ-வுக்கு ஒரு சுழி போட்டார், கே, கோ மாதிரி எழுத்துக்கு இரட்டைச் சுழிக் கொம்பு வச்சார். இன்னைக்கு உங்க போன் கீபோர்டுல இருக்குறது அந்த பேட்ச்தான். முந்நூறு வருஷமா புரொடக்‌ஷன்ல ஓடுது.

இப்போ மெயில்ல கேட்ட 'நன்றி சொல்லுங்க' விஷயத்துக்கு வர்றேன். திருப்தியைப் பத்திப் பேசினா சர்ச்ல பவுல் வந்துடுவார். பிலிப்பியருக்கு எழுதின கடிதத்துல, எந்த நிலைமையிலும் நிறைவா இருக்கறதைப் பத்தி. என் மனைவியோட பழைய பைபிள்ல அதுக்கு வர்ற வார்த்தை 'மனரம்மியம்'. இன்னைக்கு யாரும் பேச்சுல சொல்றதில்ல, சொன்னா நல்லாத்தான் இருக்கு. பவுல் அதை எழுதினது காவல்ல இருந்துக்கிட்டு. அவர் அங்க பயன்படுத்துற வினைச்சொல் 'கற்றுக்கொண்டேன்'. வரமாக் கிடைச்சதுன்னு சொல்லல, பிறவிக் குணம்னு சொல்லல. கத்துக்கிட்டதா சொல்றார். கத்துக்கிற எதையும் போல முதல்ல அது நடிப்பு மாதிரிதான் இருக்கும். எங்க பையன் தெரபில 'ப' சொல்லப் பழகும்போது உதட்டை ஒட்டி ஒட்டிப் பிரிப்பான், சத்தமே வராது. அது நடிப்பா? அதனால நன்றி சொல்றப்போ நடிக்கிற மாதிரி இருக்குன்னு எழுதினீங்களே, அதுக்காக விட்டுடாதீங்க.

அந்தக் கடிதமே எதுக்கு எழுதினதுன்னு பாருங்க. பிலிப்பி ஊர்க்காரங்க ஆள் மூலமா உதவி அனுப்பியிருந்தாங்க. அதுக்கு நன்றிக் கடிதம். எனக்கு எதுவும் வேண்டாம், திருப்தியா இருக்கேன்னு அவர் அதைத் திருப்பி அனுப்பல. என் கஷ்டத்துல பங்கெடுத்தது நல்லதுன்னு சொல்லி வாங்கிக்கிட்டார். மோசேக்கு 70 பேர், பவுலுக்கு பிலிப்பி. திருப்தியா இருக்கிறவங்க உதவி கேட்க மாட்டாங்கன்னு யார் கிளப்பி விட்டதுன்னு தெரியல.

ஒரு எச்சரிக்கை. "இருக்குறது போதும்னு இரு"ன்னு யார் யார்கிட்டச் சொல்றாங்கன்னு எப்பவும் பாருங்க. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டோர ஊர்ல, வீட்டு வாசல்ல தூசி படிஞ்சு, பிள்ளைக்கு இருமல்னு மனு கொடுக்க நிக்கிற அம்மாகிட்ட ஏ.சி. ரூம்ல இருக்கிற யாராவது திருப்தியைப் பத்திப் பேசினா, அது பைபிள் இல்ல. எகிப்துல செங்கல் அறுத்தவங்க கதறினப்போ கடவுள் கேட்டார், இறங்கி வந்தார்னுதான் யாத்திராகமம் ஆரம்பிக்குது. மன்னாவுக்கு முறுமுறுத்ததுக்குத்தான் கோபம். அடிமைத்தனத்துல கதறினதுக்கு இல்ல. திருப்தி நான் எனக்குச் சொல்லிக்க வேண்டியது, அதிகபட்சம் என் வீட்டுக்குள்ள.

வீட்ல என்ன பண்றோம்னு கேட்டீங்க. பெரிசா ஒண்ணும் இல்ல. ஏதாவது குறை வாயில வந்தா ஒருத்தரை ஒருத்தர் கேட்டுப்போம்: "இது யாருக்கு?" ஆள் இருந்தா, அவர்கிட்டப் பேச ஒரு நாள் குறிச்சுக்குவோம். மேல் வீட்டு நாய்னா மேல் வீட்டுக்காரர்கிட்ட. மேனேஜர்னா வியாழக்கிழமை ஒன்-ஆன்-ஒன்ல. அதுக்கு நடுவுல அதைப் பத்திப் பேச்சு இல்ல. ஆள் இல்லைன்னா, உதாரணத்துக்கு மழை, டிராஃபிக், அதை ராத்திரி ஜெபத்துல சொல்லிடுவோம். சங்கீதப் புத்தகத்துல எவ்வளவு புலம்பல் இருக்கு! அதுவும் ஜெபம்தான். வியாழக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது சுலபம் இல்ல, குறிப்பா செவ்வாய்க்கிழமை.

ஜெபம் முடிவுல அன்னைக்குச் சாப்பிட்டதுல ஒண்ணைச் சொல்லி நன்றி சொல்வோம். 'எல்லாத்துக்கும் நன்றி'ன்னு பொதுவாச் சொல்ல எங்க வீட்ல அனுமதி இல்ல. ஒரு பொருள் சொல்லணும். இட்லி. மாங்காய். மன்னா ஒரு நாளைக்குத்தான் வச்சிருக்கலாம், மறுநாளைக்குன்னு எடுத்து வச்சா புழு வைக்கும்னு யாத்திராகமத்துல இருக்கு இல்லையா, அதனால நேத்து இட்லிக்கு இன்னைக்கு நன்றி சொல்ல முடியாது. புதுசா ஒண்ணு தேடணும்.

பையன் இப்போ எப்படி இருக்கான்னு மெயில் வரும்னு தெரியும், நானே சொல்லிடறேன். வார்த்தை கூடியிருக்கு. வயசுக்கு இன்னும் பின்னாடிதான் இருக்கான், தெரபி நடக்குது. ஆமென்ல கடைசிப் பாதியை மட்டும் சொல்றான், சத்தமா. போன வாரம் நன்றி சொல்ற நேரத்துல அவன் பங்குக்கு "காயம்"னான். ரெண்டு நிமிஷம் அவன் கையைக் காலைத் தடவி எங்க அடிபட்டதுன்னு தேடினோம். அவன் சமையல் கட்டைக் கை காட்டினான். தாத்தா ஊர்ல இருந்து அனுப்பின மூட்டை.

மெயில் எழுதினவங்களுக்கு: உங்களுக்கு 70 பேர் கிடைக்கலைன்னாலும் ரெண்டு பேராவது தேடுங்க. வாரத்துல ஒரு சாயங்காலம் குழந்தையைப் பார்த்துக்க ஒருத்தர், மனசு விட்டுப் பேச ஒருத்தர். தூக்கமே இல்ல, எதுலயும் பிடிப்பு இல்லன்னு வாரக்கணக்கா நீடிச்சா டாக்டர்கிட்டப் போங்க. மோசேயே வாய் திறந்து கேட்டார்.

ஏலாக்குறிச்சி போகணும்னா அரியலூர்ல இருந்து திருமானூர் வழியாப் போகலாம். தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து வர்றவங்க திருவையாறு தாண்டி கொள்ளிடம் பாலம் வழியா திருமானூர் வந்து திரும்பணும். வெயில் நேரத்தைத் தவிர்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல வீட்டு லோன் பத்திப் பேசுறோம், கேள்வி இருந்தா இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. பை மக்களே.